தண்ணி லாரிக்காரர் விட்டுப்போன நம்பர்

எங்கள் வீட்டுக்காரர் செல்போன் வாங்கிய கதையை நான் ஆரம்பித்தாலே, அவரைக் கேலி செய்வதற்குத்தான் சொல்கிறேன் என்று அவருடைய சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேலி செய்யத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு மட்டும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நல்லூரில் எங்களுக்கு ஒரு பவர் டேபிள் இருந்தது. பெரிய பனியன் கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுக்கிற சின்னத் தையல் கூடத்துக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். முன்பக்கம் மிஷின்கள், பின்பக்கம் வீடு. வெளியே ஓடுவது அவர் வேலை. தைத்த பீஸைச் செக் பண்ணுவது, பிசிறு வெட்டுவது, டெய்லர்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது, பஞ்சைத் துடைத்துவிட்டு அதே கையால் சோறு வடிப்பது எல்லாம் என் வேலை. இவ்வளவையும் சேர்த்து, "ஊட்ல சும்மாதானுங்க இருக்கறா" என்று அவர் ஒரு கல்யாணத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

செல்போன் வருவதற்கு முன் அவருடைய தொழிலில் பாதி மொபெட் ஓட்டுவதுதான். கட்டிங் ஆகிவிட்டதா என்று கேட்க ஒரு நடை, ஆகவில்லை என்ற பதிலோடு வீட்டுக்கு ஒரு நடை, சாயங்காலம் வரச் சொன்னார்கள் என்று மறுபடி ஒரு நடை. சாயப்பட்டறையில் துணியைத் தேடிப் போனால், துணிக்காரர் இவரைத் தேடி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஊர் மொத்தமும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு வண்டியில் சுற்றியது. லேண்ட்லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் காத்திருந்த காலத்தில் எங்கள் பெண் நடக்கப் பழகி, பேசப் பழகி, பள்ளிக்கூடமும் சேர்ந்துவிட்டாள். போன் வரவில்லை.

பிறகு இன்கமிங் இலவசம் என்று ஆயிற்று. ஒரே மழையில் முளைத்த மாதிரி வீதியெல்லாம் ரீசார்ஜ் கடைகள். பேக்கரியில் ரீசார்ஜ், பூக்கடையில் ரீசார்ஜ், எங்கள் வீதி முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் கண்ணாடிக் கூண்டைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டு அதே இடத்தில் ரீசார்ஜ் போர்டு மாட்டினார். எங்கள் டெய்லர்கள் எங்களுக்கு முன்பே போன் வாங்கிவிட்டார்கள். எந்தக் கம்பெனியில் பீஸ் ரேட்டை ஏற்றியிருக்கிறார்கள் என்பது மிஷினில் உட்கார்ந்தபடியே அவர்களுக்குத் தெரிந்தது. பேட்லாக் மிஷினில் தைக்கிற எங்கள் டெய்லர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஊரிலிருக்கும் சம்சாரத்திடம் மாதா கோயில் திருவிழாவைப் பற்றி விசாரித்தபடியே கழுத்துப்பட்டி தைப்பார். தையல் கோணாமல்தான் வரும். தொழிலாளி கையில் போன், முதலாளி கையில் மொபெட் சாவி என்ற நிலைமைதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது.

ஆனால் உறைத்த உடனே வாங்கிவிடுகிற வம்சம் இல்லை அது. தறி நெய்த குடும்பம். முருகனைக் கேட்காமல் ஒரு மிஷினுக்கு எண்ணெய்கூட விடமாட்டார்கள். போன் நம்பரைக் கூட்டினால் ஆறு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"முருகனுக்கு முகம் ஆறு. படைவீடு ஆறு. நம்பரும் ஆறு வரோணும்" என்றார்.

"முருகனுக்குக் கை பன்னெண்டுங்க" என்றேன்.

"நீ கம்முனு இரு."

ரீசார்ஜ் கடைக்காரர் சிம் கார்டு பாக்கெட்டுகளை மேஜையில் பரப்பினார். இவர் ஒவ்வொன்றையும் எடுத்து, விரல்விட்டுக் கூட்டி, உதட்டைப் பிதுக்கி, கீழே வைத்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. ஐந்து வந்தது, எட்டு வந்தது, ஏழு வந்தது. ஆறு மட்டும் வரவில்லை. கடைசியில் கடைக்காரர் பொறுமை போய் மேஜை டிராயரின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இது பழைய நம்பருங்க. ரீசார்ஜ் பண்ணாம விட்டு, கம்பெனிக்குத் திரும்பி, மறுபடி வந்திருக்குது. கூட்டிப் பாருங்க."

கூட்டினார். ஆறு. இவ்வளவு நல்ல நம்பரை யார் விட்டுப்போனார்கள், ஏன் விட்டுப்போனார்கள் என்று யாருக்காவது தோன்றவேண்டுமா இல்லையா? எனக்குத் தோன்றியது. ஆனால் நான் கம்மென்று இருக்கும்படி ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் போனை வைத்து, கற்பூரம் காட்டி, அதற்கு விபூதியும் பூசினார். விபூதி பட்டன்களின் இடுக்கில் இறங்கி, ஒரு பட்டன் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது. எது என்று பார்த்தால் ஆறு. அன்றிலிருந்து ஆறு உள்ள எந்த நம்பருக்கும் எங்கள் போனிலிருந்து பேசமுடியாது. ஊக்கால் நெம்பினால் சில நாள் வேலை செய்யும்.

அடுத்த நாள் காலையில் முதல் அழைப்பு வந்தது. டெய்லர்கள் மிஷினை நிறுத்தினார்கள். இவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஹலோ" என்றார்.

"ஏனுங்க, தண்ணி லாரிங்களா? பொழங்கறதுக்கு உப்புத்தண்ணி ஒரு லோடு அனுப்புங்க" என்றது ஒரு பெண் குரல்.

"இது பனியன் கம்பெனிங்க. தண்ணி லாரி இல்லீங்க."

"செரி, எப்ப வருமுங்க?"

அன்று அது ஓயவில்லை. மத்தியானம் நான் பேட்லாக் டெய்லரை அனுப்பி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த நம்பரை முன்னால் வைத்திருந்தவர் தண்ணி லாரிக்காரர். லாரியை விற்றுவிட்டுத் தாராபுரம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். போனவர் நம்பரையும் அழித்துவிட்டுப் போயிருக்கலாம். கரண்ட் கம்பங்களில், சாக்கடை ஓரச் சுவர்களில், கட்டி முடிக்காத வீடுகளின் தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் நீலப் பெயின்ட்டில் எங்கள் நம்பர்தான் இருந்தது. மழை பொய்த்த வருஷம் வேறு. குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது.

பாதிப் பேர் பேசவே மாட்டார்கள், மிஸ்டு கால் கொடுப்பார்கள். இவர் ஆர்டராக இருக்குமோ என்று தன் காசில் திருப்பிக் கூப்பிடுவார். "ஆமாங்க, நாந்தானுங்க கூப்பிட்டேன், நல்ல தண்ணி இருக்குதுங்களா?" என்று எதிர்முனை கேட்கும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லீங்க" என்பார். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் இது. அவருக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

நம்பரை மாற்றுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். போன் வந்த வாரமே கம்பெனியில் தைக்கக் கூடுதலாக ஒரு லாட் துணி கொடுத்தார்களாம். நம்பர் வேலை செய்கிறதாம். நம்பரை விசிட்டிங் கார்டில் அச்சடித்து, வாசல் போர்டில் எழுதி, மொபெட்டின் மட்கார்டிலும் எழுதிவிட்டார். போர்டைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, தண்ணி லாரி ஆபீஸ் இங்கே மாறிவிட்டதா என்று நேரிலேயே வந்து கேட்டார்.

ஒன்று சொல்லவேண்டும். செல்போனால் தொழில் வளர்ந்தது உண்மைதான். வண்டிக்குப் பெட்ரோல் மிச்சம், நாளுக்கு ஒரு நடையில் வேலை முடிந்தது, கூடுதலாக லாட் எடுக்க முடிந்தது. எங்களைவிட வேகமாகப் பொய்யும் வளர்ந்தது. முன்பெல்லாம் கம்பெனிக்காரர் கேட்டு வந்தால்தான் பொய் சொல்லவேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லலாம். பீஸ் இன்னும் மிஷினை விட்டே இறங்கியிருக்காது, "வண்டி கெளம்பிருச்சுங்க" என்பார். என் எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "அவிநாசிபாளையத்துல இருக்கறேனுங்க, சிக்னல் இல்லீங்க" என்று வைத்துவிடுவார். அந்த வருஷங்களில் திருப்பூர்க்காரர்கள் அத்தனை பேரும் போனில் சொன்னபடி அவிநாசிபாளையத்தில் இருந்திருந்தால், அங்கே நிற்க இடம் இருந்திருக்காது.

இந்த நிலைமையில்தான் ஏஜென்ட் வந்தார். சென்னையில் இருந்தவர். வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே சரக்குப் பிடித்துக் கொடுக்கிறவர். எங்களுக்குத் துணி கொடுக்கிற கம்பெனிக்கு வந்தபோது எங்கள் தையலைப் பார்த்துவிட்டு, "இதை யார் தைச்சது?" என்று கேட்டு விலாசம் வாங்கி வந்திருந்தார். குழந்தைகளுக்கான சின்ன பனியன் ஒன்று. ஆர்டர் சிறியதுதான். ஆனால் நேராக எங்களுக்கு. கம்பெனியிடம் துணி வாங்கி, கம்பெனிக்காரர் வைக்கிற விலைக்குத் தலையாட்டி, அவர் எழுந்து நிற்கச் சொன்னால் நின்று, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பழகிய என் வீட்டுக்காரருக்கு, சொந்தப் பெயரில் ஒரு பெட்டியாவது கப்பலேற வேண்டும் என்பதுதான் ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறியதை வைத்து எனக்குத் தெரியும்.

சாம்பிள் தைத்துக் கொடுத்தோம். தூக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "புதன்கிழமை பையரோட, அதான் சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரரோட, மீட்டிங். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல நானே போன் பண்றேன். அப்பவே சரின்னு சொல்லணும், பையர் எதிர்லயே இருப்பார். நீங்க கூப்பிடாதீங்க, நான் எடுக்கமாட்டேன். உங்க கிட்ட கன்ஃபர்ம் ஆகலேன்னா அடுத்த பார்ட்டிக்குப் போயிடுவேன்."

அவர் போனதும் நாங்கள் இருவரும் போனைப் பார்த்தோம். அது அடித்தது. உப்புத்தண்ணி.

"ரீசார்ஜ் கடை நம்பரைக் குடுத்திருக்கலாமில்லீங்க" என்றேன்.

"அத நான் கூட்டிப் பாக்காமயா இருப்பேன்? நாலு வருது."

செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தேன். புதன் மத்தியானம் ஏஜென்ட் கூப்பிடுகிற நேரத்தில் தண்ணீர் கேட்டு ஒருவரும் கூப்பிடக்கூடாது. அதற்கு ஒரே வழி, ஒருவருக்கும் தண்ணீர்த் தேவை இல்லாமல் செய்வது. இத்தனை மாதமாகத் தண்ணி கேட்டவர்களிடம் நானும் பேசிப் பேசி, எந்த வீதியில் எந்த வீட்டுக்கு எப்போது தொட்டி காலியாகும் என்பது எனக்கு மனப்பாடம். லைன் வீடுகளுக்கு வாரத்தில் எந்தக் கிழமை, மெஸ்ஸுக்கு எவ்வளவு, யார் வீட்டில் சீர் நடக்கப்போகிறது, எல்லாம் தெரியும். பக்கத்து ஊரில் லாரி வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். புதன் விடியற்காலையிலிருந்து எங்கள் நம்பருக்குக் கூப்பிடுகிற அத்தனை வீட்டுக்கும் போய் ஊற்றவேண்டும் என்று பேசி முடித்தேன். கூப்பிடாமலே தண்ணீர் வந்தால் வேண்டாம் என்று சொல்கிறவர் அந்தக் கோடையில் யாரும் இல்லை.

"எக்கா, நான் லாரில ஏறிப் போயி வீட்டக் காட்டுதேன்" என்றார் பேட்லாக் டெய்லர். ஒரு நாள் தையலிலிருந்து தப்பிக்கிற சந்தோஷம் அவருக்கு. டிரைவர் பக்கத்தில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்து போனார்.

புதன்கிழமை காலையில் போன் அடித்தது, பிறகு குறைந்தது, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. நல்லூரில் தாகம் தீர்ந்துவிட்டது. போனைச் செக்கிங் மேஜையில் துணி விரித்து வைத்தோம். இவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போனில் சட்டை தெரியாதுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. அன்று அவர் முகம் இருந்த இருப்பில் சொல்லவில்லை.

சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு மேலும் ஆயிற்று. போன் சும்மாவே கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் காட்டினார். பேட்டரியைக் கழற்றி ஊதப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"போன் செத்துப் போச்சு புள்ள."

"செத்துப் போகலீங்க. ஊர்ல எல்லாத்துக்கும் தண்ணி இருக்குது, அதான் அடிக்கல."

கேட்கவில்லை. ரீசார்ஜ் கடைக்குப் போய் அங்கிருந்து ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேகமாக இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குதுங்க. வெச்சிருங்க."

"தெளிவாக் கேக்குதா?"

"தெளிவாக் கேக்குதுங்க. வெச்சிட்டு வாங்க."

"பின்ன ஏன் ஒருத்தனும் கூப்பிடல? எல்லாத்தையும் கூப்பிட வேண்டாம்னு சொல்லி வெச்சியா? கம்பெனிக்காரங்ககிட்டயும் ஏதாச்சும் சொல்லிப் போட்டியா?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. விடியற்காலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஊற்றியது நான். "உங்குளுக்கு அந்த நம்பரு மேல இருக்கற நம்பிக்கை எம்மேல இல்லீங்க" என்றேன். நம்பரைப் பற்றிப் பேசாதே என்றார் அவர். பேசுவேன் என்றேன் நான். அந்தக் கல்யாணத்தில் என்னைச் சும்மா இருக்கிறாள் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதை நான் எப்போது சொன்னேன் என்றார். எந்தக் கல்யாணம், எந்தப் பந்தி, பக்கத்து இலையில் யார் என்பதுவரை சொன்னேன். அவர் என் அண்ணன் பேச்சை எடுத்தார். நான் அவருடைய தங்கை பேச்சை எடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன்தான் என்பதால், கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் போனில் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நேரில் என்றால் அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். போனில் முகம் தெரியவில்லை. அதனால் நிறுத்தவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மனசில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, "செரி, வெச்சிரு, ஏஜென்ட் கூப்புடுவாரு" என்றார்.

சாயங்காலம் வரை மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. லைன் பேச்சில் இருக்கும்போது வேறு ஒருவர் கூப்பிட்டால், கூப்பிட்டதற்கு ஒரு அடையாளமும் நிற்காத போன் அது.

மறுநாள் காலையில் பொறுக்கமாட்டாமல் இவரே ஏஜென்டைக் கூப்பிட்டார். ஊக்கால் ஆறை நெம்பிக் கொடுத்தது நான். பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது. ஏஜென்ட் கோபப்படவே இல்லை, சிரித்துக்கொண்டே பேசினார்.

"நாலஞ்சு தடவை போட்டேன் சார், எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. பையரே சொல்லிட்டார், இவ்வளவு பிஸியா இருக்கறவருக்கு நம்ம சின்ன ஆர்டர் எதுக்குன்னு. வேற பார்ட்டிக்குக் குடுத்துட்டோம். உங்களுக்கு மூவ்மென்ட் நல்லா இருக்கு போல. ரொம்ப சந்தோஷம் சார்."

"ஆமாங்க, கொஞ்சம் வேலை ஜாஸ்திதானுங்க" என்றார் இவர். வைத்துவிட்டு ஓவர்லாக் மிஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். தைப்பதற்குத் துணி எதுவும் இல்லை. சும்மா காலால் பெடலை அழுத்தினார். நூல் இல்லாத ஊசி ஓடி நின்றது. அவரை நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். அன்று எனக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் போய் நின்று, "நம்பரை மாத்தீரலாமுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ விவரம் இல்லாமல் பேசுகிற மாதிரி ஒரு பார்வை.

"எதுக்கு மாத்தோணும்? போன் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சுங்க."

"ஒரு தடவையா? நாலஞ்சு தடவ வந்திருக்குது. முருகன் அவன் வேலையச் செஞ்சுட்டான் புள்ள. நாமதான் பேசிட்டு இருந்தோம்."

 அப்புறம் நம்பரை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை.